ஜீப்பின் ஆறு சிலிண்டர்கள்

திறன் என்பது முறுக்கு விசையையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கக் கிடைப்பது என்று ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறேன். மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், தேர்விலும் தவறின்றித் திருப்பி எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வண்டியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "சார், அது எத்தனை குதிரைத் திறன்?" என்பதுதான். சமன்பாட்டின் மறுபாதியாகிய முறுக்கு விசையை ஒருவரும் கேட்பதில்லை. அந்த மறுபாதிக்காகவே நாற்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஓர் எஞ்சினின் வரலாற்றை இங்கே காண்போம். அதனை உருவாக்கியவர்கள் நினையாத ஒரு மாற்றத்தைப் பின்னாளில் பட்டறைக்காரர்கள் அதில் செய்தார்கள். அது எப்படி இயன்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஜீப் என்றதும் நம் நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது நான்கு சிலிண்டர் வண்டியே. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ்-ஓவர்லாண்டு நிறுவனம் 1941இல் உருவாக்கிய ஜீப்பில் இருந்தது 60 குதிரைத் திறன் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். விடுதலைக்குப் பின் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டி விற்ற வில்லிஸ் ஜீப்புகளும் நான்கு சிலிண்டர் வண்டிகளே. ஆறு சிலிண்டர் ஜீப்பின் கதை அமெரிக்காவில் நடந்தது.

ஓரணியில் ஆறு சிலிண்டர்களை நிறுத்தும் எண்ணம் ஜீப்பைவிட மிகப் பழையது. ஹாலந்து நாட்டின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903இல் அப்படியொரு காரைச் செய்துகாட்டியது. இங்கிலாந்தில் நேப்பியர் நிறுவனம் அதனை வணிகப் பொருளாக்கியது. நான்கு போதாதென்று ஆறு வைத்ததற்கு வலிமை மட்டும் காரணமன்று; அமைதியும் ஒரு காரணம். இதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது அதன் நிலைமத்தால் ஒரு விசை எழுகிறது. பிஸ்டனின் இயக்கம் தூய சீரிசை இயக்கமாக இருந்தால் கணக்கு எளிது. ஆனால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு பிணைக்கும் இணைப்புத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருபுறமும் சாய்கிறது. அந்தச் சாய்வினால், முதல் இயக்கத்தின் மீது இரு மடங்கு அதிர்வெண் கொண்ட இன்னொரு சிறு இயக்கம் ஏறிக்கொள்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரு பிஸ்டன்கள் மேலேறும்போது இரண்டு கீழிறங்குகின்றன. ஆதலால் முதல் வகை விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டாம் வகை விசைகளோ நான்கிலும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் எழுந்து கூடிவிடும். பழைய ஜீப்பில் ஏறியவர்களின் கைகளுக்கு ஸ்டியரிங் வழியாக இது நன்கு தெரியும். ஆறு சிலிண்டரில் கிராங்க் தண்டின் வளைவுகள் 120 பாகை இடைவெளியில் அமைந்துள்ளன. சமமான மூன்று விசைகள் 120 பாகை இடைவிட்டு நின்றால் அவற்றின் கூட்டு விசை சுழி. கோணங்களை இரட்டித்தாலும் அந்த மூன்று திசைகள் அப்படியே நிற்கும். அப்போதும் கூட்டு விசை சுழியே. முன் மூன்று சிலிண்டர்களும் பின் மூன்றும் கண்ணாடிப் பிம்பங்கள் போல அமைந்திருப்பதால் முன்னும் பின்னும் ஆட்டும் திருப்புமையும் இல்லை. வேறு துணை உறுப்பு எதுவும் சேர்க்காமல் வடிவத்தாலேயே அதிர்வை அடக்கிக்கொள்ளும் எளிய எஞ்சின் இது.

ஆனால் நீண்ட கிராங்க் தண்டு கயிற்றைப் போல முறுகும். ஒவ்வொரு வெடிப்பும் அதனைச் சிறிது முறுக்கி விடுகிறது. அந்த முறுக்கு அதிர்வும் எஞ்சினின் வேகமும் ஒத்ததிர்வு நிலைக்கு வந்தால் தண்டு முறிந்தே போகும். ஆரம்ப கால ஆறு சிலிண்டர் எஞ்சின்களைத் தொல்லைப்படுத்திய இந்த நோய்க்கு இங்கிலாந்தின் பிரடரிக் லாங்கெஸ்டர் ஓர் அதிர்வு தணிப்பானைக் கண்டார். அதன் வழித்தோன்றல்தான் இன்றும் எஞ்சினின் முன்முனைக் கப்பிக்குள், ரப்பர் வளையத்தின் மீது அமர்ந்திருக்கும் கனமான இரும்பு வளையம். பழைய எஞ்சினைப் புதுப்பிப்பவர்கள் பலர் இதனை மறந்துவிடுகிறார்கள். ரப்பர் முதுமையடைந்து வெளிவளையம் நழுவினால் பயன் போய்விடும்.

வேண்டாமென்று விட்டதும் திரும்பி வந்ததும்

ஜீப்பின் மீது ஆறு சிலிண்டர் உடனே வேரூன்றிவிடவில்லை. வில்லிஸ் நிறுவனத்தைக் கைசர் நிறுவனம் 1953இல் வாங்கியது. மறு ஆண்டிலிருந்து பெரிய ஜீப் வண்டிகளில் 226 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய அமைப்பு அது. பிறகு 1962இல் "டொர்னடோ" என்ற 230 கன அங்குல எஞ்சின் வந்தது. இதில் கேம் தண்டு சிலிண்டர் ஹெட்டின் மேலேயே இருந்தது. அமெரிக்காவில் அக்காலத்திற்கு இது மிகப் புதுமை. ஒவ்வொரு சிலிண்டரின் உள்வால்வையும் வெளிவால்வையும் ஒரே கேம் திறந்தது என்பது அதன் விசித்திரம். ஆயினும் சில ஆண்டுகளில் அது ஜீப் கார்களிலிருந்து நீக்கப்பட்டது. அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே நெடுங்காலம் வாழ்ந்தது என்பது வேறு கதை. 1965ஆம் ஆண்டு மாதிரி வேகனீர் வண்டிக்கு வெளியிலிருந்து ஓர் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார்கள். அதுவே நம் கதாநாயகன்.

அதனை உருவாக்கியது விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் ஆலை வைத்திருந்த அமெரிக்கன் மோட்டார்ஸ். 1964இல் ராம்ப்ளர் கிளாசிக் வரிசையில் "டைபூன்" என்ற பெயரில் 2,520 கார்களை மட்டும் வெளியிட்டு இந்த எஞ்சினை அறிமுகம் செய்தார்கள். கொள்ளளவு 232 கன அங்குலம், அதாவது 3.8 லிட்டர். வார்ப்பிரும்புப் பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், கீழே கேம் தண்டு. பார்வைக்குப் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் கிராங்க் தண்டை ஏழு பேரிங்குகள் தாங்கின. ஆறு வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் ஒரு தாங்கல் என்று பொருள். தண்டு முறுகினாலும் வளைய இடமில்லை. இன்னொரு முன்யோசனையும் இருந்தது. சிலிண்டரின் துளை விட்டத்தை 3.75 அங்குலம் என்று நிறுத்திக்கொண்டு, கிராங்க் தண்டை மட்டும் மாற்றி எஞ்சினின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வழி வைத்தார்கள். பிஸ்டன் போய்வரும் தூரத்தை, அதாவது வீச்சை, 3 அங்குலமாக்கினால் 199 கன அங்குலம், 3.5 அங்குலமாக்கினால் 232. 1971இல் வந்தது போல 3.895 அங்குலமாக்கினால் 258 கன அங்குலம், அதாவது 4.2 லிட்டர்.

1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் ஜீப் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அப்போது சிறிய ஜீப்பான சி.ஜே.-5இல் 1966 முதல் ப்யூக் நிறுவனத்தின் வி-வடிவ ஆறு சிலிண்டர் எஞ்சினும் பொருத்தப்பட்டு வந்தது. வலிமையான எஞ்சின்தான், ஆனால் சமச்சீரான இடைவெளியில் வெடிக்காது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் 90 பாகை, பிறகு 150 பாகை என்று நொண்டி நொண்டிச் சுழலும். 1972ஆம் ஆண்டு மாதிரியில் அதனை எடுத்துவிட்டுத் தங்கள் ஓரணி ஆறைப் பொருத்தினார்கள். அது நீளமான எஞ்சின். பழைய ஜீப்பின் மூக்குக்குள் அடங்கவில்லை. எஞ்சினைச் சுருக்க இயலாது. ஆகவே வண்டியை நீட்டினார்கள்! முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் சுமார் 3 அங்குலம் கூடியது. விட்டுவிட்ட அந்த ப்யூக் எஞ்சினின் தயாரிப்புக் கருவிகளை 1974இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காலத்து விளம்பரங்களைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 258 எஞ்சினுக்கு 1971இல் 150 குதிரைத் திறன் என்று அச்சிட்டார்கள். 1972இல் 110 என்று அச்சிட்டார்கள். ஓராண்டில் எஞ்சின் மெலிந்துவிடவில்லை. அதுவரை மின்னாக்கி, காற்று வடிகட்டி, சைலன்சர் முதலியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் எஞ்சினை அளந்தார்கள். 1972 முதல் வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் முறைக்கு அமெரிக்கத் தொழிற்சாலைகள் மாறின. குதிரைத் திறனை மட்டும் கேட்பவர்கள் ஏமாறுவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு எஞ்சின்கள், இரண்டு குணங்கள்

258 எஞ்சினின் குணத்தை அறிய ஒரு சிறு கணக்குப் போடுவோம். பாறைகளுக்கிடையே ஒரு ஜீப் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஏறுகிறது. சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்று கொண்டால், அது நிமிடத்துக்குச் சுமார் 38 முறை சுழலும். மலையேறும் கியரில் எஞ்சின் 40 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும் என்று வைத்துக்கொண்டால், எஞ்சினின் வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று. 4,500 சுற்றில் கிடைக்கும் உச்சத் திறன் எவ்வளவாக இருந்தாலும் இந்தப் பாறையின் மீது அதனால் பயனில்லை. வேண்டியது 1,500 சுற்றில் கிடைக்கும் முறுக்கு விசை.

1987ஆம் ஆண்டு ராங்ளர் ஜீப்பில் இருந்த 258 எஞ்சின் 3,000 சுற்றில் 112 குதிரைத் திறன் தந்தது. முறுக்கு விசையோ 2,000 சுற்றிலேயே 285 நியூட்டன் மீட்டர். அதே ஆண்டு மாதிரி செரோக்கி ஜீப்பில் அந்த எஞ்சினின் தம்பி அறிமுகமாயிற்று. இதன் கொள்ளளவு 4.0 லிட்டர். துளை விட்டத்தை 3.875 அங்குலமாகக் கூட்டி, வீச்சை 3.414 அங்குலமாகக் குறைத்து, நன்றாக மூச்சு விடக்கூடிய புதிய ஹெட்டையும் கணினி ஆளும் எரிபொருள் பீய்ச்சும் முறையையும் கொடுத்திருந்தார்கள். இது 4,500 சுற்றில் 173 குதிரைத் திறன் தந்தது. முறுக்கு விசை 2,500 சுற்றில் 298 நியூட்டன் மீட்டர்.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முறுக்கு விசையில் வேறுபாடு 13 நியூட்டன் மீட்டர்தான். குதிரைத் திறனில் வேறுபாடு 61! ஒவ்வொரு வீச்சிலும் இரண்டும் ஏறத்தாழ ஒரே வலிமையுடன் தள்ளுகின்றன. ஆனால் வேகம் கூடும்போது பழையதற்கு மூச்சு முட்டிவிடுகிறது. ஒடுக்கமான வழிகளில் காற்று போதிய அளவு உள்ளே வருவதில்லை. தம்பி அந்த வேகத்திலும் தளராமல் மூச்சு விடுகிறது.

பழையதற்கு இன்னொரு குறையும் இருந்தது. அதன் கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சிறு கிண்ணத்தில் மிதவையின் காவலில் நிற்கும். சமதரையில் இது சரி. வண்டி முப்பது பாகை சாய்ந்து நின்றால் கிண்ணத்துப் பெட்ரோலும் சாயும். மிதவை தவறாக உணரும். எஞ்சின் ஒன்று பெட்ரோலில் மூழ்கும், அல்லது வறண்டு நின்றுவிடும். செங்குத்தான ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அழுத்தத்தில் பீய்ச்சப்படும் பெட்ரோலுக்கு மேடும் பள்ளமும் ஒன்றே.

1987இலேயே கிரைஸ்லர் நிறுவனம் அமெரிக்கன் மோட்டார்ஸை வாங்கியது. 1991இல் 4.0 எஞ்சினின் திறன் 190 ஆகவும், முறுக்கு விசை 305 நியூட்டன் மீட்டராகவும் உயர்ந்தது. ராங்ளருக்கும் அப்போதுதான் அது கிடைத்தது, 258 விடைபெற்றது.

ஒரு கழித்தல் கணக்கு

பட்டறைக்காரர்கள் உள்ளே நுழைவது இங்கேதான். தேய்ந்த எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரைச் சற்றே அகலமாகக் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டனைப் போடுவது எங்கும் உள்ள வழக்கம். நம்மூர் லேத் பட்டறைகளில் "ரீபோர்" என்பார்கள். அமெரிக்காவில் 4.0 எஞ்சினை இப்படிப் பிரித்து வைத்தவர்களுக்கு ஓர் உண்மை கண்ணில் பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எவ்வளவோ மாறியிருந்தும், ஏழு பேரிங்குகளின் இடமும் அளவும் மாறவில்லை. ஆகவே பழைய 258இன் நீண்ட வீச்சுக் கிராங்க் தண்டு 4.0 பிளாக்கில் போய் உட்கார்ந்துவிடும். முன்முனையில் ஒரு சிறு வளையத்தைச் சேர்க்க வேண்டும்; பின்முனையில் கியர்பெட்டித் தண்டைத் தாங்கும் சிறு பேரிங்கை மாற்ற வேண்டும்; அவ்வளவுதான்.

ஆனால் வீச்சை நீட்டினால் பிஸ்டன் மேலே அதிக தூரம் ஏறுமே, ஹெட்டில் இடித்துக்கொள்ளாதா? வாருங்கள், அளந்து பார்ப்போம். கிராங்க் தண்டின் மையத்திலிருந்து பிஸ்டன் ஏறும் உயரம் வீச்சில் பாதியையும் இணைப்புத் தண்டின் நீளத்தையும் பொறுத்தது. புதிய வீச்சு 3.895, பழையது 3.414, வேறுபாட்டில் பாதி 0.2405 அங்குலம். அதாவது பிஸ்டன் ஏறத்தாழ கால் அங்குலம் கூடுதலாக ஏறி, பிளாக்கைத் தாண்டி வெளியே தலை நீட்டும். இப்போது 258இன் இணைப்புத் தண்டையும் எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 5.875 அங்குலம், 4.0 தண்டின் நீளம் 6.125. வேறுபாடு 0.25 அங்குலம். ஒன்று ஏற்றுகிறது, மற்றொன்று இறக்குகிறது. மிஞ்சுவது 0.0095 அங்குலம், கால் மில்லிமீட்டர்! பழைய கிராங்க், பழைய இணைப்புத் தண்டு, புதிய பிஸ்டன். மூன்றும் சேர்ந்தால் பிஸ்டன் முன்பு நின்ற இடத்துக்குக் கால் மில்லிமீட்டர் கீழே வந்து நிற்கிறது.

இதற்காக யாரும் திட்டமிடவில்லை. இரு எஞ்சின்களும் ஏறத்தாழ ஒரே உயரமுள்ள பிளாக்கில் பிறந்தவை என்பதால் கணக்கு தானாகவே நேர்ந்தது. சிலிண்டரை 0.030 அங்குலம் அகலமாகக் கடைந்து 3.905 ஆக்கினால் கொள்ளளவு 280 கன அங்குலம், அதாவது 4.6 லிட்டர். மாணவர்கள் தாங்களே பெருக்கிப் பார்க்கலாம். பழைய ஜீப்புகளின் குவியலில் கிடந்த ஓர் இரும்புத் தண்டு, இந்தக் கடைசலோடு சேர்ந்து, 600 கன சென்டிமீட்டருக்கு மேல் கொள்ளளவைக் கூட்டித் தந்தது. சிலிண்டர்கள் முன்போலவே நன்கு நிரம்பினால் முறுக்கு விசை சுமார் 16 விழுக்காடு உயர்ந்து 350 நியூட்டன் மீட்டரைத் தொடும். குதிரைத் திறன் அந்த விகிதத்தில் உயராது. ஏனெனில் மூச்சு விடும் வழிகள் அதே அளவில்தான் இருக்கின்றன. ஆயினும் பாறை ஏறுபவனுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

அளவு கூடினால் கேடும் கூடும் என்பதையும் சொல்லாவிட்டால் நான் ஆசிரியன் அல்லன். முதலாவது, அமுக்க விகிதம். 1991க்குப் பிந்தைய 4.0 எஞ்சினில் அது 8.8. பிஸ்டனின் மேலுள்ள எரி அறை ஏறத்தாழ அப்படியே இருக்க, உள்ளே வரும் காற்று மட்டும் கூடினால் விகிதம் உயரத்தான் செய்யும். மேற்சொன்ன அளவுகளுக்கு அது 9.8 வரும். அமுக்கம் கூடினால் வெப்பத்திறன் கூடும், அது நன்மை. ஆனால் பெட்ரோல் கலவை தீப்பொறிக்குக் காத்திராமல் ஓர் ஓரத்தில் தானே வெடித்துவிடும் அபாயமும் கூடும். உள்ளே சுத்தியலால் தட்டுவது போல ஒலி கேட்கும். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உடைந்துவிடும்.

இதற்கு மாற்று என்ன? விகிதத்தைக் குறைக்கக் கனத்த கேஸ்கட்டைப் போட்டால் போதும் என்று தோன்றும். பலர் அப்படிச் செய்து கெட்டார்கள். இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளிலேயே வேறோர் உண்மையைக் காட்டியிருந்தார். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஒரு பகுதி ஹெட்டின் தட்டைப் பரப்பை மிக நெருங்கினால், இடையில் அகப்பட்ட கலவை பிதுங்கி எரி அறைக்குள் பாய்ந்து சுழலும். சுழலும் கலவை விரைவாக எரிந்து முடியும். ஓரத்தில் தானே வெடிக்க அவகாசம் இராது. ஜீப் எஞ்சினில் பிஸ்டன் பிளாக்கின் மேல்விளிம்புக்குக் கீழே 0.03 அங்குலம் நிற்கிறது. கேஸ்கட்டின் தடிப்பு 0.05. மொத்தம் 0.08. இது மிக அதிக இடைவெளி. பாதியளவாவது குறைய வேண்டும். ஆகவே தெரிந்தவர்கள் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவி பிஸ்டனை ஹெட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, அதனால் கூடும் விகிதத்தை ஈடுகட்டப் பிஸ்டனின் தலையில் குழியை ஆழமாக்குகிறார்கள். தட்டலைத் தவிர்க்க விலகிப் போகக் கூடாது, நெருங்க வேண்டும் என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் இயற்பியல் அப்படித்தான் சொல்கிறது.

இரண்டாவது, பிஸ்டனின் முடுக்கம். நிமிடத்துக்கு 5,000 சுற்றில், உச்சப் புள்ளியில் 4.0 பிஸ்டனின் முடுக்கம் வினாடிக்கு வினாடி சுமார் 15,200 மீட்டர். நீண்ட வீச்சும் குட்டை இணைப்புத் தண்டும் சேர்ந்த பின் அது 18,000 ஆகிவிடுகிறது. பிஸ்டனும் அதனுடன் சேர்ந்த உறுப்புகளும் அரைக் கிலோ நிறை என்று கொண்டால், இணைப்புத் தண்டை இழுக்கும் விசை 7,600 நியூட்டனிலிருந்து 9,000க்கு ஏறுகிறது. ஒரு சிறு கார் அந்தத் தண்டில் தொங்குவதற்குச் சமம். அதுவும் நிமிடத்துக்கு 5,000 முறை. குட்டைத் தண்டு அதிகமாகச் சாய்வதால் பிஸ்டன் சிலிண்டரின் சுவரில் அதிகமாக உரசவும் செய்கிறது. ஆகவே இந்த எஞ்சினை உயர்வேகத்தில் விரட்டுவது முறையன்று. தாழ்ந்த வேகத்தில் இழுப்பதற்காகப் பிறந்ததை அதற்கே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது செய்திதான் எனக்கு மிகவும் சுவையானது. இந்த எஞ்சினின் கணினி, உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்று நேரடியாக அளப்பதில்லை. உறிஞ்சு குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பநிலை, எஞ்சினின் வேகம் ஆகியவற்றை அளந்து, "இது நான்கு லிட்டர் எஞ்சின், ஆகவே இவ்வளவு காற்று, ஆகவே இவ்வளவு பெட்ரோல்" என்று ஊகிக்கிறது. எஞ்சின் 4.6 லிட்டராக வளர்ந்தது அதற்குத் தெரியாது! மெதுவாகச் செல்லும்போது புகைக் குழாயில் உள்ள ஆக்சிஜன் உணர்வி குறையைச் சொல்லித் திருத்திவிடும். முழு விசையில் மிதிக்கும்போதோ கணினி அந்த உணர்வியைக் கேட்பதில்லை. அப்போது பெட்ரோல் குறைந்த கலவை மிகுந்த சூட்டில் எரிந்து பிஸ்டனை உருக்கும். எனவே எஞ்சின் பெரிதான விகிதத்துக்கு ஏற்ப பெரிய பீய்ச்சுமுனைகளையும் மாற்ற வேண்டும்.

முதல் இருபது நிமிடம்

பூட்டி முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. கடைந்த சிலிண்டரின் சுவரைக் கண்ணாடி போல வழுவழுப்பாக்கக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் வேண்டும். அவற்றில்தான் எண்ணெய் தங்கும். பிஸ்டன் வளையங்கள் மெல்லத் தேய்ந்து சுவரோடு பொருந்தும். கல்லூரி நாட்களில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ரீபோர் செய்து, மெதுவாக ஓட்டு என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதைக் கேளாமல் மறுநாளே விரட்டினேன். பிஸ்டன் இறுகி, நடுச்சாலையில் வண்டி நின்றது. ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தபோது வெப்ப விரிவைப் பற்றி நான் கற்றது எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஜீப் எஞ்சினில் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதன் கேம்கள் உருளைகளின் மீது உருளாமல், தட்டையான அடிகளின் மீது சறுக்குகின்றன. புதிய கேம் தண்டு முதல் இருபது நிமிடங்களில் பதமாகாவிட்டால் தேய்ந்து அழிந்துவிடும். அங்கே எண்ணெயைத் தெளிப்பது சுழலும் கிராங்க் தண்டு. சும்மா நின்று மெதுவாக ஓடினால் தெளிப்பு போதாது. ஆகவே முதன்முறை கிளப்பியதுமே 2,000 சுற்றளவில் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். பழைய எண்ணெய்களில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்மம் தாராளமாக இருந்தது. உரசும் பரப்புகளில் அது ஒரு காப்புப் படலமாகப் படியும். பாஸ்பரஸ் புகைக் குழாயிலுள்ள வினையூக்கியைக் கெடுப்பதால் புதிய எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். காற்றுக்கு நல்லது, பழைய கேமுக்குக் கெடுதல். எஞ்சினைப் புதுப்பிப்பவர்கள் அதைத் தனியே சேர்த்துக்கொள்கிறார்கள்.

2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த, 0331 என்ற வார்ப்பு எண் கொண்ட ஹெட்டுகளில் சில, மூன்றாம் நான்காம் சிலிண்டர்களுக்கிடையே விரிசல் விட்டன. பழைய வார்ப்புகளையே தேடிப் பொருத்துகிறவர்கள் அதனால் உண்டு. 258 கிராங்க் தண்டிலும் தேர்வு உண்டு: முதலில் வந்தவற்றில் பன்னிரண்டு எதிரெடைகள், 1980களின் தொடக்கத்தில் எடையைக் குறைக்க நான்காக்கிவிட்டார்கள். கனமானது பேரிங்குகளுக்கு நல்லது என்பார் ஒரு சாரார். இலேசானது சட்டென்று வேகம் பிடிக்கும் என்பார் மறு சாரார். பாறை ஏறுவதற்கானால் நான் கனத்தின் பக்கம்.

ராங்ளரில் 4.0 எஞ்சின் கடைசியாகப் பொருத்தப்பட்டது 2006ஆம் ஆண்டு மாதிரியில். அடுத்த மாதிரிக்கு 3.8 லிட்டர் வி-வடிவ எஞ்சின் வந்தது. குறுகலான இடத்தில் அடங்கும் என்பது அதற்குப் பெரிய தகுதி. கெனோஷாவின் எஞ்சின் ஆலை 2010இல் மூடப்பட்டது. பழைய இரும்புக் கடைகளில் 258இன் கிராங்க் தண்டுகளைத் தேடுவது அதன் பிறகும் நிற்கவில்லை. 2022இல் வேகனீர் வண்டிக்கு மீண்டும் ஓரணி ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. இது அலுமினியப் பிளாக், இரு டர்போ, மூன்று லிட்டர். துளை விட்டம் 84 மில்லிமீட்டர், வீச்சு 90 மில்லிமீட்டர். வில்லிஸ் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு 1950களில் இருந்த "ஹரிக்கேன்" என்ற பெயரையே இதற்கும் வைத்தார்கள்.